நூலக இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பயன்பாட்டுச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தின் பழைய இணையதளத்தை எடுத்துவிட்டுப் புதிதாக அமைக்கும் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். சக நூலகர்களும் வடிவமைப்பாளர்களும் அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதன்முறையாகச் சோதனை நடத்தப் போகிறவரை மனதில் வைத்து எழுதியது இது.

பயன்பாட்டுச் சோதனை என்றால் வாசகர்களிடம் கருத்துக் கேட்பதுதானே?

இல்லை. "புதிய தளம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் வாசகர்கள் பெரும்பாலும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். நூலகத்தின் மீதுள்ள அன்பு அப்படிச் சொல்ல வைக்கும். யூசபிலிட்டி டெஸ்ட் என்று அலுவலகத்தில் சொல்வது வேறு. ஒருவரைத் தளத்தின் முன் உட்கார வைத்து, அவர் உண்மையாகவே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்து, அதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது. எங்கே தயங்குகிறார், எதைத் தவறாக அழுத்துகிறார், எந்தச் சொல்லைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறார் என்பதெல்லாம் அப்போது தெரியும்.

இதற்கு ஒரு பன்னாட்டு வரையறையும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற தரநிலை 1998இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட நோக்கத்தை எந்த அளவுக்கு முடிக்க முடிகிறது, அதற்கு எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கிறது, முடித்தபின் மனநிறைவு இருக்கிறதா என்ற மூன்றையும் அது சேர்த்துப் பார்க்கிறது. "குறிப்பிட்ட" என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். தளம் பொதுவாக நல்லதா என்று சோதிக்க முடியாது. யாருக்கு, எந்த வேலைக்கு என்று சொன்னால்தான் சோதிக்க முடியும்.

திட்டமிடலை எங்கிருந்து தொடங்குவது?

சோதனையின் முடிவைப் பார்த்து எதை மாற்றப் போகிறீர்கள் என்பதிலிருந்து. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, குழு இன்னும் முடிவு செய்யாத, ஆனால் இன்னும் மாற்ற வாய்ப்புள்ள விஷயங்களை எழுதுங்கள். முகப்பில் தேடல் பெட்டி ஒன்றா இரண்டா? எடுத்த புத்தகத்தைப் புதுப்பிக்கும், அதாவது தவணையை நீட்டிக்கும் வசதி மேலே இருக்க வேண்டுமா, மெனுவுக்குள் இருந்தால் போதுமா? மின்னூல்களைத் தனியாகக் காட்டுவதா, அச்சு நூல்களோடு சேர்த்தா? இப்படி நான்கைந்து கேள்விகள் கிடைத்தால் திட்டம் பாதி முடிந்த மாதிரி.

இன்னொரு பக்கம், கையை வைக்க முடியாதவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நூற்பட்டியல் மென்பொருளை வேறொரு நிறுவனம் நடத்துகிறது, அதன் பக்கங்களில் உங்களால் நிறத்தைக்கூட மாற்ற முடியாது என்றால், சோதனை நேரத்தில் பாதியை அங்கே செலவழிக்க வேண்டாம். வாசகர் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரும் வரையிலான பாதையும், அங்கிருந்து திரும்பி வரும் பாதையும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைச் சோதியுங்கள்.

எந்தக் கட்டத்தில் சோதிக்க வேண்டும்? தளம் முழுதாகத் தயாரான பிறகா?

அதற்கு ரொம்ப முன்பே. எல்லாம் முடிந்து, திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு நடத்தும் சோதனையில் பெரிய பிழை தெரிந்தாலும் யாரும் அதைத் தொடத் துணிவதில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மெனுவில் என்னென்ன தலைப்புகள் இருக்கும் என்று முடிவானதுமே, பக்கங்கள் ஒன்றுகூட இல்லாமல், தலைப்புகளின் வரிசையை மட்டும் காட்டி "இது எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். முகப்பின் படம் தயாரானதும் அதைக் காட்டி "முதலில் எதை அழுத்துவீர்கள்?" என்று கேட்கலாம். முதல் கிளிக் சரியாக அமைந்தவர்கள் வேலையை முடிக்கும் வாய்ப்பு, தவறாகத் தொடங்கியவர்களைவிட மிக அதிகம். அதனால் இந்தச் சின்னச் சோதனையே நிறையச் சொல்லிவிடும்.

நூலகத் தளத்தில் ஒரு சிக்கல் உண்டு. தேடலின் முடிவுகளைப் படமாக வரைந்து காட்டினால், வாசகர் அந்தப் படத்தில் இருக்கும் நூலைத்தான் தேட முடியும். உண்மையில் அவர் என்ன தட்டச்சு செய்வார், எழுத்துப் பிழையோடு தேடினால் என்ன ஆகும் என்பது தெரியவே தெரியாது. தேடலைச் சோதிக்கும் சுற்றுக்கு மட்டும் உண்மையான நூற்பட்டியலோடு இணைந்த சோதனைத் தளம் வேண்டும்.

பழைய தளத்தையும் சோதிக்க வேண்டுமா?

முடிந்தால் கட்டாயம். இரண்டு மூன்று பேரை வைத்து, அதே வேலைகளைக் கொடுத்துப் பாருங்கள். பழையதில் எளிதாக இருந்த ஏதோ ஒன்று புதியதில் கடினமாகியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அது கண்ணில் படாது.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது? ஐந்து பேர் போதும் என்கிறார்களே?

ஐந்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எங்கே நம்பலாம் என்பதும் தெரியும். பயன்பாட்டு ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். ஒரு பங்கேற்பாளர் சராசரியாக 31 சதவீதப் பிழைகளை வெளிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் முடியும்போது சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆறாவது ஆளிடமிருந்து கிடைக்கும் புதுச் செய்தி குறைவு. அதனால் 15 பேரை ஒரே மூச்சில் வைப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று மூன்று சுற்று நடத்துவது மேல் என்றார் நீல்சன்.

ஆனால் அந்த 31 சதவீதம் ஒரு சராசரி. பத்தில் ஒருவரை மட்டுமே தடுக்கும் பிழை என்றால், அது ஐந்து பேர் கொண்ட சோதனையில் தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) மட்டும் வரும் தடங்கல், நீண்ட நாள் நூலகம் பக்கமே வராதவருக்கு மட்டும் வரும் குழப்பம் எல்லாம் இந்த வகை.

அப்புறம், ஐந்து என்பது ஒரே மாதிரியான வாசகர்களுக்கு. ஆய்வு மாணவரும், பிள்ளைக்குக் கதைப் புத்தகம் தேடும் பெற்றோரும் தளத்தில் தொடும் இடங்களே வேறு. அப்படிப் பிரிந்து நிற்கும் பிரிவுக்கு மூன்று நான்கு பேராவது வேண்டும். கைவசம் நேரம் குறைவென்றால் பிரிவுகளைக் குறையுங்கள். பிரிவுக்கு ஒருவர் என்று ஆறு பிரிவில் ஆறு பேரை வைத்தால், தெரிய வந்த குழப்பம் அந்த ஆளுடையதா தளத்துடையதா என்று பிரித்தறிய முடியாது.

யாரை அழைப்பது? நூலகத்தில் அறிவிப்பு ஒட்டினால் போதுமா?

நூலகத்தில் ஒட்டிய அறிவிப்பைப் பார்ப்பவர் நூலகத்துக்கு வருபவர். வராதவர்களுக்குத்தான் இணையதளம் அதிகம் தேவைப்படுகிறது. அதனால் இரண்டு வழியாகவும் ஆள் தேடுங்கள்: முகப்பு மேசையில் ஒரு தாள், வெளியே பள்ளி, கல்லூரி, குடியிருப்போர் சங்கம் மாதிரி இடங்களில் ஒரு தாள்.

நூலக ஊழியர்களை வைத்துச் சோதிக்காதீர்கள். அவர்கள் மெனுவைப் படிப்பதே இல்லை, எது எங்கே என்று மனப்பாடம். தினமும் வரும் தீவிர வாசகர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான், அவர்களில் ஒருவர் போதும். பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது நூலகத் தளத்தைத் திறந்தீர்கள், எந்தக் கருவியில்? விடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். சொன்ன நாளில் ஒருவராவது வராமல் போவார், அதனால் ஒரு மாற்று ஆளைக் கையில் வைத்திருங்கள். அவர்கள் நேரத்துக்கு ஏதாவது அன்பளிப்பும் கொடுங்கள். தளம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கொடுக்கும் வேலைகளை எப்படி எழுதுவது?

முழுத் திட்டத்திலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். வேலையை எழுதும் ஒரு வரியிலேயே சோதனை கெட்டுப்போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. மெனுவில் "மின்வளங்கள்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. "மின்வளங்கள் பகுதியில் ஓர் இதழ்க் கட்டுரையைக் கண்டுபிடியுங்கள்" என்று எழுதினால் எல்லோரும் முடித்துவிடுவார்கள். ஏனென்றால் நீங்கள் கொடுத்த சொல்லைத் திரையில் தேடிப் பொருத்துவதுதான் அவர்கள் செய்தது. இப்படி எழுதிப் பாருங்கள்: "நிலத்தடி நீர் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர், ஆய்வு இதழில் வந்த ஒன்றையாவது மேற்கோள் காட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்தபடி அப்படி ஒன்றைத் தேடி எடுங்கள்." மெனுவில் உள்ள ஒரு சொல்கூட இதில் இல்லை. "மின்வளங்கள்" என்ற தலைப்புக்குள்தான் ஆய்வு இதழ்கள் இருக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறதா என்பது இப்போது தெரிந்துவிடும்.

"புத்தகத்தைப் புதுப்பியுங்கள்" என்பதற்குப் பதிலாக, "நீங்கள் எடுத்துப்போன நாவலை நாளைக்குத் திருப்பித் தர வேண்டும், இன்னும் நூறு பக்கம் பாக்கி இருக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் தொலைபேசி எண்ணைத் தேடலாம். அதுவும் ஒரு விடைதான், குறித்துக்கொள்ளுங்கள். தளத்தில் இப்படிச் செய்ய முடியும் என்றே அவருக்குத் தெரியவில்லை என்பது உங்களுக்குக் கிடைத்த மிக முக்கியமான செய்தி.

ஒவ்வொரு வேலைக்கும் "முடிந்தது" என்றால் என்ன என்பதை முன்பே எழுதிவையுங்கள். எந்தப் பக்கம், எந்த விடை, எந்தப் பாதைகளெல்லாம் சரி என்று. "நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?" என்ற எளிய வேலைக்கும் ஒரு சரியான விடை இருக்க வேண்டும், அது தளத்தில் ஒரே மாதிரி எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும். இதை எழுதும்போதே இரண்டு பக்கத்தில் இரண்டு நேரம் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

ஒருவருக்கு ஆறு முதல் எட்டு வேலைகள் போதும். முதல் வேலை யாரும் முடிக்கக்கூடியதாக இருக்கட்டும், படபடப்பு அடங்கும். மற்றவற்றின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கடைசி வேலைகளுக்கு வருவதற்குள் எல்லோரும் தளத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள், அவை எளிதானவை போலத் தோன்றும். வேலைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனித் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்து, அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நூலகத் தளத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியவை என்ன?

முதலில் சொற்கள். நூலகர்கள் புழங்கும் சொற்கள் வாசகருக்குப் புரிவதில்லை என்பது பல நூலகங்களின் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஜான் குப்பர்ஸ்மித் என்ற அமெரிக்க நூலகர் இந்தச் சோதனைகளின் முடிவுகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்தார். தரவுத்தளம், நூற்பட்டியல், பருவ இதழ், குறிப்புதவி, வளங்கள், நூலகங்களுக்கிடையே இரவல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் சுருக்கப் பெயர்களும் வாசகர்களைக் குழப்பும் பட்டியலில் வந்துகொண்டே இருந்தன. இணைய நூற்பட்டியலுக்கு நாம் தினமும் சொல்லும் ஓபேக் என்ற சுருக்கப் பெயரும் அந்த வகைதான்.

இரண்டாவது, தேடல் பெட்டிகள். தளத்துக்குள் தேட ஒன்று, நூற்பட்டியலில் தேட ஒன்று, கட்டுரைகளுக்கு ஒன்று என்று நூலக முகப்பில் மூன்று பெட்டிகள் சாதாரணமாக இருக்கும். ஒரு சோதனையில் கல்லூரி மாணவி ஒருவர் மேல் மூலையில் இருந்த சிறிய பெட்டியில் நாவலின் பெயரை அடித்தார். அது தளத்தின் பக்கங்களை மட்டும் தேடும் பெட்டி. "முடிவுகள் எதுவும் இல்லை" என்று வந்தது. "சரி, இந்தப் புத்தகம் இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்த நிம்மதியோடு தாளைத் திருப்பி வைத்தார். புத்தகம் மூன்று பிரதிகள் அலமாரியில் இருந்தன. வெளியில் இது நடந்திருந்தால் அவர் யாரிடமும் புகார் சொல்லியிருக்க மாட்டார், நமக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாவது, எழுத்து. நூற்பட்டியலில் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிந்து வைத்திருக்கலாம், வாசகர் தம் மொழியின் எழுத்திலேயே தேடலாம். வேலையைத் தாளில் அச்சிடும்போது தலைப்பை எந்த எழுத்தில் அச்சிடுகிறீர்களோ, வாசகரும் அதையே பார்த்து அடிப்பார். அதனால் இந்த வேலையை மட்டும் வாயால் சொல்லுங்கள். அவர் எப்படி அடிக்கிறார் என்று பாருங்கள்.

நான்காவது, தளம் மாறும் இடங்கள். நூற்பட்டியல், மின்னூல், ஆய்வு இதழ் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு நிறுவனத்தின் பக்கத்தில் திறக்கும். நிறம் மாறும், மெனு மாறும், சில இடங்களில் மறுபடி லாகின் கேட்கும். வாசகர் அங்கே ஒரு கணம் நிற்பதைக் கவனியுங்கள். "வேறு எங்கோ வந்துவிட்டேனோ" என்று பின்னால் போய்விடுகிறவர்கள் நிறைய.

"பேசியபடியே செய்யுங்கள்" என்று சொல்வது எதற்கு?

கண்ணால் பார்ப்பது அவர் என்ன செய்தார் என்று காட்டும், ஏன் என்று காட்டாது. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்யும் முறை உளவியலிலிருந்து வந்தது. 1982இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் அதைக் கணினி இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். பலருக்கு இது கூச்சமாக இருக்கும். தொடங்கும் முன் வேறொரு தளத்தில் ஒரு நிமிடம் நீங்களே செய்து காட்டுங்கள், பிறகு அவரையும் செய்யச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே செய்தால் வேகம் மாறும். அதனால் எத்தனை நொடி ஆனது என்று துல்லியமாக அளக்க வேண்டுமானால் அதைத் தனிச் சுற்றாக, பேசாமல் நடத்த வேண்டும்.

சோதனையை நடத்துபவர் எவ்வளவு பேசலாம்?

மிகக் குறைவாக. நூலகருக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். தேடித் தவிக்கும் ஒருவருக்கு வழி காட்டுவதே நம் தொழில். ஆனால் இங்கே உதவிக்கு நீட்டும் விரல் சோதனையை அந்த இடத்திலேயே முடித்துவிடும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். நாவலைப் புதுப்பிக்கும் வேலையைக் கொடுத்தேன். "சேவைகள்" என்பதைத் திறந்தார், மூடினார். "உறுப்பினர் சேர்க்கை" போனார், திரும்பினார். வலது மேல் மூலையில் "என் கணக்கு" என்று இருந்தது. மவுஸை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தாமல் கீழே இறங்கிவிட்டார். "என்ன யோசிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். "இது கணக்கு இல்லையா, அபராதம் எவ்வளவு பாக்கி என்று காட்டும். எனக்குப் பாக்கி ஒன்றும் இல்லையே" என்றார். "அம்மா, அதைத்தான் அழுத்த வேண்டும்" என்று அரை நிமிடம் முன்னால் நான் சொல்லியிருந்தால், அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. அடுத்த சுற்றில் அந்தப் பொத்தானின் பெயரை "நான் எடுத்த நூல்கள்" என்று மாற்றிப் பார்த்தோம். அந்தச் சுற்றில் வந்த ஐந்து பேரும் தயங்காமல் அதை அழுத்தினார்கள்.

பேசலாம் என்று நான் வைத்திருக்கும் வாக்கியங்கள் சிலவே. "என்ன யோசிக்கிறீர்கள்?" "இங்கே என்ன எதிர்பார்த்தீர்கள்?" "நான் இல்லாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" அவர் "இது சரியா?" என்று கேட்டால் "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்பது. தொடக்கத்தில் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: சோதிப்பது தளத்தை, உங்களை இல்லை. நடுவில் அவர் சோர்ந்தால் அதை மறுபடி சொல்வேன்.

மூன்று நான்கு நிமிடம் ஒரே இடத்தில் சுற்றுகிறார், முகம் வாடுகிறது என்றால் நன்றி சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். முடியவில்லை என்று பதிவானால் போதும், அவரை வாட்ட வேண்டியதில்லை.

நேரில் நடத்துவதா, ஆன்லைனிலா?

இரண்டும் சரி. நேரில் முகமும் விரலும் தெரியும். ஆன்லைனில் அவர் தம் சொந்தக் கணினியில், சேமித்து வைத்த கடவுச்சொல்லோடு, தம் வீட்டு இணைய வேகத்தில் செய்வார், அது உண்மைக்கு நெருக்கம். கணினிப் பழக்கம் குறைந்தவர்களை மட்டும் நேரில் சந்தியுங்கள். திரையைப் பகிரச் சொல்லிக்கொடுப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

கைபேசியில் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

ஆம். பங்கேற்பாளர்களில் பாதிப் பேராவது கைபேசியில் செய்யட்டும், அதுவும் தங்கள் சொந்தக் கைபேசியில். கணினித் திரையைச் சுருக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. கீழிருந்து எழும் விசைப்பலகை தேடல் பொத்தானை மறைப்பதெல்லாம் கையில் பிடித்தால்தான் தெரியும்.

பார்வைக் குறைபாடு உள்ள வாசகர்களை எப்படிச் சேர்ப்பது?

முதல் சுற்றிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சரிபார்ப்பைச் செய்துவிடுங்கள். மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற வழிகாட்டி 2023 அக்டோபரில் வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு, விசைப்பலகையால் மட்டும் எல்லாம் செய்ய முடிவது, பொத்தானின் அளவு குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்பன போன்றவற்றை அது கேட்கிறது. இவற்றைத் தெரிந்துகொள்ள ஒருவரை வரவழைத்துச் சிரமப்படுத்தத் தேவையில்லை. அவர் வரும்போது, ஸ்கிரீன் ரீடர் படிக்கப் பெயரே இல்லாத தேடல் பெட்டி அவரை முதல் நிமிடத்தில் நிறுத்திவிடக் கூடாது.

அவருடைய கணினி, அவருடைய அமைப்புகள். விண்டோஸில் என்.வி.டி.ஏ., கைபேசியில் வாய்ஸ்ஓவர் அல்லது டாக்பேக் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்கிரீன் ரீடர் பழகியிருக்கும். பழகியவர்கள் ஸ்கிரீன் ரீடரை மிக வேகமாக ஓட வைப்பார்கள், நம் காதுக்கு ஒன்றும் பிடிபடாது. என்.வி.டி.ஏ.யில் பேசுவதை எழுத்தாகக் காட்டும் சாளரம் ஒன்று உண்டு, அதைத் திறந்து வைக்கச் சொல்லலாமா என்று கேளுங்கள். பேசியபடியே செய்யும் முறை இங்கே இடிக்கும், ஒரே நேரத்தில் இரண்டு குரல். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நடந்ததைச் சொல்லச் சொல்வது எளிது. மற்றவர்களைவிட இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள், வேலைகளைக் குறையுங்கள்.

எதையெல்லாம் அளப்பது?

ஒவ்வொரு வேலைக்கும்: தானாக முடித்தாரா, தடுமாறி முடித்தாரா, முடியவில்லையா, முடித்ததாக நினைத்துத் தவறான விடையோடு நின்றாரா. நான்காவதைத் தனியாகக் குறிக்க மறக்காதீர்கள். மேலே சொன்ன மாணவியின் கதை அதுதான். முதல் கிளிக் எங்கே விழுந்தது என்பதையும் எழுதுங்கள்.

முடிவில் ஒரு கேள்வித்தாள் வேண்டுமென்றால், பயன்படுத்த எவ்வளவு எளிதாக இருந்தது என்று பங்கேற்பாளரே மதிப்பிடும் எஸ்.யு.எஸ். இருக்கிறது. ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது, 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படை வாக்கியங்களின் மதிப்பிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும், இரட்டைப்படை வாக்கியங்களின் மதிப்பை 5இலிருந்து கழிக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். 0 முதல் 100 வரை வரும், ஆனால் அது சதவீதம் இல்லை. பலவகைத் தளங்களையும் மென்பொருள்களையும் அளந்ததில் சராசரி 68ஐ ஒட்டி வந்திருக்கிறது. ஐந்து பேரின் எண்ணை வைத்துப் பழைய தளத்தைவிடப் புதியது நான்கு புள்ளி மேல் என்று அறிக்கை எழுதாதீர்கள். அந்த வேறுபாடு ஒரே ஒருவரின் மனநிலையால்கூட வந்திருக்கும்.

வாசகரின் சொந்தக் கணக்கில் சோதிக்கலாமா? ஒப்புதல் எப்படி வாங்குவது?

சொந்தக் கணக்கில் வேண்டாம். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். நோயைப் பற்றி, மணமுறிவைப் பற்றி அவர் எடுத்த புத்தகம் திரையில் தெரியும், பதிவும் ஆகும். சோதனைக்கென்று ஒரு போலி உறுப்பினரை உருவாக்கி, அவர் பெயரில் நாளைக்குத் தவணை முடியும் நூல் ஒன்று, காத்திருப்பில் உள்ள நூல் ஒன்று என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொருவர் முடித்த பிறகும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் ஆள் புதுப்பித்துவிட்டால் இரண்டாவது ஆளுக்குப் புதுப்பிக்க ஒன்றும் இருக்காது.

ஒப்புதல் தாள் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும், அந்தச் சிறுவருடைய சம்மதமும் வேண்டும்.

ஒத்திகை தேவையா?

தேவை. இரண்டு நாள் முன்னால், திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை வைத்து முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஒரு வேலையின் வாசகம் புரியவில்லை, போலிக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, ஒரு மணி நேரம் என்று நினைத்தது ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்பதெல்லாம் ஒத்திகையில்தான் தெரியும். நான் நடத்திய எந்த ஒத்திகைக்குப் பிறகும் வேலைத்தாள் அப்படியே இருந்ததில்லை.

ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம்? யாரெல்லாம் கூட இருக்கலாம்?

ஆளுக்கு 45 நிமிடம், நடுவில் அரை மணி இடைவெளி என்று நான்கு பேர். ஐந்தாவது ஆளுக்கு உங்கள் காது வேலை செய்யாது. வாசகர் பக்கத்தில் நீங்கள் ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். மற்றவர்கள் வேறு அறையில் திரையைப் பார்க்கட்டும். வடிவமைப்பாளரும் முடிவெடுக்கும் அதிகாரியும் ஒருவரையாவது நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். முப்பது பக்க அறிக்கையைப் புரட்டிவிட்டு வைத்தவர்கள், வாசகர் ஒருவர் தங்கள் மெனுவில் நான்கு நிமிடம் தவித்ததைக் கண்ணால் பார்த்த அன்று மாலையே மாற்றச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

கிடைத்த குறிப்புகளை எப்படி வரிசைப்படுத்துவது?

அன்றைக்கே, நினைவு சூடாக இருக்கும்போது, பார்த்தவர்கள் எல்லோரும் உட்காருங்கள். ஆளுக்கு மூன்று பெரிய பிழைகளை எழுதச் சொல்லி ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். எத்தனை பேருக்கு வந்தது, வேலையைத் தடுத்ததா வெறுமனே தாமதப்படுத்தியதா, ஒரு தடவையோடு பழகிவிடுமா ஒவ்வொரு முறையும் தொல்லை தருமா என்று பார்த்து வரிசைப்படுத்தலாம். "பொத்தானை இடப்பக்கம் வைக்கலாம்" என்று வாசகர் சொன்ன யோசனையை அப்படியே ஏற்க வேண்டாம். அவர் ஏன் அப்படிச் சொன்னார், எங்கே இடறினார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் நீளமாக வரும். மேலே உள்ள ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

திருத்திய பிறகு மறுபடி சோதிக்க வேண்டுமா? தளம் வெளியான பிறகு?

வேண்டும். ஒரு திருத்தம் இன்னொரு இடத்தைக் கெடுக்கும். "நான் எடுத்த நூல்கள்" என்று பெயர் மாற்றியதைச் சொன்னேன் அல்லவா? அதற்கடுத்த சுற்றில், மின்னூல்களை மட்டும் படிக்கும் ஒருவர் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. அவர் எதையும் "எடுத்ததே" இல்லை, திரையில்தான் படித்தார். அதை மறுபடி பேசி, "என் நூல்கள்" என்று வைத்தோம். வெளியான பிறகு மூன்று மாதம் கழித்து மூன்று பேரை உட்கார வைத்துப் பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.